அகதியா, குடியேறியவரா? போலந்தில் உக்ரைனியர்களுக்கு உள்ள வழிகள்

உக்ரைன் போரைப் பற்றி மாணவர்கள் எழுதும் கட்டுரைகளில் 'அகதி' என்ற சொல் தவறாமல் வந்துவிடும். பேச்சு வழக்கில் அதில் குற்றமில்லை. ஆனால், சட்டப்படி பார்த்தால் போலந்தில் வாழும் உக்ரைனியர்களில் பெரும்பாலோர் அகதிகள் அல்லர்; 'தற்காலிகப் பாதுகாப்பு' பெற்றவர்கள். பேரில் என்ன இருக்குன்னு பிள்ளைங்க கேட்பாங்க. எத்தனை ஆண்டு தங்கலாம், பின்னாளில் நிரந்தரவாசி ஆகலாமா என்பதெல்லாம் அந்தப் பேரைப் பொறுத்ததுதான்.

1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கைப்படி, ஒருவர் தம் இனம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணங்களால் துன்புறுத்தப்படுவோம் என்ற அச்சத்திற்குத் தக்க காரணம் இருப்பதைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு விண்ணப்பமாக விசாரிப்பார்கள், மாதக்கணக்கில் ஆகும். 24 பிப்ரவரி 2022-இல் ரஷ்யா முழு அளவில் படையெடுத்தபோது சில வாரங்களிலேயே இலட்சக்கணக்கானோர் எல்லையைக் கடந்தார்கள். அத்தனை பேரையும் உட்கார வைத்து விசாரிப்பது நடக்கிற காரியமா?

யூகோஸ்லாவியப் போர்களின் அனுபவத்திற்குப் பிறகு, 2001-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் செய்து வைத்திருந்தது. இருபது ஆண்டுகளாக யாரும் அதைத் தொடவில்லை. 4 மார்ச் 2022 அன்று முதன்முறையாக அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 'நான் துன்புறுத்தப்பட்டேன்' என்று தனித்தனியாக மெய்ப்பிக்கத் தேவையில்லை. போருக்கு முன் உக்ரைனில் வாழ்ந்த உக்ரைனியக் குடிமக்களுக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும் குழுவாகவே பாதுகாப்பு கிடைத்தது. (அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்த தமிழ்நாட்டு மாணவர்களைப் போன்ற குறுகிய கால வெளிநாட்டினர் பொதுவாக இதில் சேரவில்லை. அவர்கள் பாதுகாப்பாகத் தாய்நாடு திரும்ப முடியும் என்பதே காரணம்.)

போலந்து இதற்காக 12 மார்ச் 2022-இல் தனிச் சட்டமே இயற்றியது. அங்கே குடிமக்கள் எல்லாருக்கும் 'பெசெல்' என்ற 11 இலக்க எண் உண்டு; நம்ம அடையாள அட்டை எண் மாதிரி. உக்ரைனியர்களுக்கும் அதே எண்ணைக் கொடுத்து, 'யு.கே.ஆர்.' என்ற குறியைச் சேர்த்தார்கள். இதை வைத்திருப்பவர் தனி வேலை அனுமதி இல்லாமலே வேலைக்குப் போகலாம். முதலாளி அரசுக்குத் தகவல் தெரிவித்தால் போதும். பிள்ளைகள் பள்ளியில் சேரலாம். போலந்துக் குடும்பங்களைப் போலவே பிள்ளைக்கு மாதம் 800 ஸ்லோத்தி உதவித்தொகையும் கிடைத்தது. ஆனால், 2025 செப்டம்பரில் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர் வேலை செய்தால்தான் அந்தத் தொகை என்று பொதுவிதி வைத்துவிட்டார்கள். இன்னொரு கட்டுப்பாடு, 30 நாளுக்கு மேல் போலந்தை விட்டு வெளியே இருந்தால் இந்தத் தகுதி போய்விடும். ஊரில் முதிய பெற்றோரை விட்டு வந்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, ஒரு நாட்டில் ஐந்தாண்டு தொடர்ந்து சட்டப்படி வசித்த வெளிநாட்டவர் நீண்டகால வசிப்பிட உரிமை கேட்கலாம். தற்காலிகப் பாதுகாப்பில் கழித்த காலம் அந்த ஐந்தாண்டுக் கணக்கில் சேராது! கார்கிவ் நகரிலிருந்து 2022 மார்ச்சில் வந்த ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். வார்சாவில் வேலை செய்கிறார், வரி கட்டுகிறார், மகன் போலிஷ் மொழியிலேயே தேர்வு எழுதுகிறான். இந்தப் பாதுகாப்பு பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2025 ஜூலை முடிவின்படி 4 மார்ச் 2027 வரை செல்லும். அன்றைக்கு அவர் ஐந்தாண்டு வாழ்ந்திருப்பார். கணக்கில் இருப்பது பூஜ்யம்.

அதனால்தான் பலர் வேறு அனுமதிக்கு மாறப் பார்க்கிறார்கள். வேலையை அடிப்படையாகக் கொண்ட தற்காலிக வசிப்பிட அனுமதி அதிகபட்சம் மூன்றாண்டுக்குக் கிடைக்கும், புதுப்பிக்கலாம், அந்தக் காலம் முழுதாகக் கணக்கில் சேரும். படிப்புக்காகத் தங்கிய காலமோ பாதிதான் சேரும். ஐந்தாண்டு நிறைந்தாலும் நிலையான வருமானமும் போலிஷ் மொழியில் பி1 நிலைச் சான்றிதழும் வேண்டும். 2024-இல் திருத்தப்பட்ட சட்டம் 'சி.யு.கே.ஆர்.' என்ற மூன்றாண்டு அட்டைக்கும் வழி செய்தது. குறைந்தது 365 நாள் யு.கே.ஆர். தகுதியில் இருந்தவர்களுக்கு இது. ஆனால், அட்டை கிடைத்தால் பழைய தகுதி முடிந்துவிடும். இரண்டையும் ஒன்றாக வைத்திருக்க முடியாது. நிலையான வேலை உள்ளவருக்கு மாறுவது நல்லது என்பேன். கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் தாய்க்கு அதே பதிலைச் சொல்ல மாட்டேன்.

போலிஷ் வம்சாவளியினருக்குத் தனிப் பாதை இருக்கிறது. பெற்றோரில் அல்லது தாத்தா பாட்டியில் ஒருவர் போலிஷ் இனத்தவர் என்று காட்டி, அடிப்படை மொழியறிவும் இருந்தால் 'கார்தா போலாக்கா' என்னும் அட்டை கிடைக்கும். அதைக் கொண்டு ஐந்தாண்டு காத்திருக்காமலே நிரந்தர வசிப்பிட உரிமை கேட்கலாம். மேற்கு உக்ரைனின் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போருக்கு முன் போலந்தோடு இருந்ததால் இப்படிப்பட்ட குடும்பங்கள் அங்கே அரிதல்ல.

ஆண்களுக்கு வேறொரு சிக்கல். வசிப்பிட அனுமதிக்குச் செல்லுபடியாகும் கடப்பிதழ் வேண்டும். 18 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் இராணுவப் பதிவைப் புதுப்பித்தால்தான் வெளிநாட்டிலுள்ள தூதரகத்தில் கடப்பிதழ் பெற முடியும் என்று 2024 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த உக்ரைன் சட்டம் விதித்தது.

வகுப்பில் இதை நடத்தும்போது, மலேசிய மாணவர்களுக்குச் சிவப்பு அடையாள அட்டையையும் வேலை அனுமதியையும் ஒப்பிட்டுச் சொன்னால் சட்டென்று பிடிபடும். மலேசியாவும் சிங்கப்பூரும் 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்; பெரிய வகுப்பு மாணவர்கள் அங்கிருந்தே விவாதத்தைத் தொடங்குவார்கள். கட்டுரையில் 'அகதி', 'தஞ்சம் கோருபவர்', 'தற்காலிகப் பாதுகாப்பு பெற்றவர்', 'நிரந்தரவாசி' ஆகிய நான்கையும் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டு எழுதினால், அந்த இடத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு, எந்த அனுமதியில் இருப்பவரைச் சொல்கிறாய் என்று கேளுங்கள்.