பெட்டியில் வந்த குளிசைகள்

ஊருக்குப் போய் இலண்டன் திரும்பும் தமிழ்க் குடும்பங்களின் பயணப் பெட்டிகளைத் திறந்தால் மிளகாய்த்தூளும் விபூதிப் பொட்டலமும் பனங்கட்டியும் புதுச் சேலைகளும் இருக்கும். அவற்றின் இடையே சில குளிசை அட்டைகளும் இருப்பதுண்டு. அமொக்சிசிலின், சிப்ரோபுளொக்சசின், மெற்றோனிடசோல் என்று பல பெயர்கள். "அவசரத்துக்கு உதவும்" என்று கொழும்பிலோ சென்னையிலோ வைத்தியரின் சீட்டு இல்லாமலே வாங்கப்பட்டவை. இங்கே ஜீ.பி.யிடம் நேரம் எடுப்பது சிரமம், எடுத்தாலும் "பரசிட்டமோல் போடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று அனுப்பிவிடுகிறார் என்பது பலரது மனக்குறை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தச் சேமிப்பு.

இது ஒரு வீட்டோடு நிற்பதுமில்லை. வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதம் வாங்கும் வேளையில் ஒருவர் இருமினால், பக்கத்தில் நிற்பவர், "அக்கா, என்னட்டை நல்ல அன்ரிபயோட்டிக் இருக்குது. இரண்டு நாள் போட்டுப் பாருங்கோ, சுகம் வரும்" என்பார். கொடுப்பவர் நெஞ்சில் இருப்பது அன்பு மட்டுமே. ஆயினும் அன்போடு கொடுத்த அந்தக் குளிசை, வாங்கியவருக்கும் அவரைச் சூழ வாழ்வோருக்கும் தீங்காக முடியலாம். இதனை முதன்முதலில் எச்சரித்தவர்களுள் ஒருவர், அந்த மருந்தைக் கண்டறிந்தவரேயாவார்.

பிளெமிங் கூறிய கதை

1928ஆம் ஆண்டு, இலண்டன் சென் மேரிஸ் மருத்துவமனையின் ஆய்வுகூடத்தில், கிருமி வளர்த்த தட்டொன்றில் பூஞ்சணம் படர்ந்திருப்பதையும், அதனைச் சுற்றிக் கிருமிகள் அழிந்திருப்பதையும் அலெக்சாந்தர் பிளெமிங் கண்டார். அந்தப் பூஞ்சணம் சுரந்த பொருளே பெனிசிலின். ஒக்ஸ்போர்ட்டில் புளோரி, செயின், ஹீற்லி முதலியோர் அதனை மருந்தாக்கப் பெரும்பாடுபட்டனர். 1941 பெப்ரவரியில், முகத்திலும் தலையிலும் கிருமித் தொற்றுப் பரவிச் சாகக் கிடந்த பொலிஸ்காரர் ஒருவருக்கு அம்மருந்து ஏற்றப்பட்டது. சில நாட்களிலேயே காய்ச்சல் தணிந்தது; உணவும் உட்கொண்டார். ஆனால் இருந்த மருந்து போதவில்லை. அவருடைய சிறுநீரிலிருந்து பெனிசிலினைப் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றியும் பார்த்தனர். அதுவும் தீர்ந்தது. நோய் திரும்பவும் தலைதூக்கி, மார்ச் மாதத்தில் அவர் இறந்தார். துளித் துளியாகப் போற்றப்பட்ட மருந்து அது.

1945 டிசெம்பரில் ஸ்ரொக்ஹோமில் தமது நோபல் உரையை நிகழ்த்திய பிளெமிங், கற்பனையாக ஒரு குடும்பத்தின் கதையைக் கூறினார். கணவனுக்குத் தொண்டை நோ. அவன் தானே பெனிசிலினை வாங்கி, கிருமிகளைக் கொல்லப் போதாத அளவில், ஆனால் மருந்தைத் தாங்க அவற்றைப் பழக்கும் அளவில் உட்கொள்கிறான். பழகிய கிருமி அவனிடமிருந்து மனைவிக்குத் தொற்றுகிறது. அவளுக்கு நிமோனியா காண்கிறது. வைத்தியர் பெனிசிலின் கொடுத்தும் கிருமி அசையவில்லை, அவள் இறந்துபோகிறாள். இந்த மரணத்துக்கு யார் பொறுப்பு என்று பிளெமிங் கேட்டார். கவனமின்றி மருந்தை உபயோகித்த கணவனே என்று அவரே விடையும் கூறினார்.

அந்த எச்சரிக்கை பலித்தது. பெனிசிலினுக்கு அசையாத கிருமிகள் சில ஆண்டுகளுக்குள்ளேயே மருத்துவமனைகளில் பெருகின. பிரித்தானியா 1947இல் சட்டம் இயற்றிப் பெனிசிலின் விற்பனையைக் கட்டுப்படுத்தியது. பின்னர் வந்த மெதிசிலினுக்கும் மடியாத கிருமி 1961இல் இங்கிலாந்தில் அறியப்பட்டது. 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேரின் மரணத்துக்கு, மருந்துக்கு அடங்காத கிருமிகளே நேரடிக் காரணம் என மதிப்பிடப்பட்டுள்ளது.

எல்லா நோய்க்கும் உரியதன்று

நுண்ணுயிர்க்கொல்லி என்பது பக்டீரியாக் கிருமிகளை அழிக்கும் மருந்து. தடிமன், இன்புளுவென்சா, பெரும்பாலான தொண்டை நோ, இருமல் ஆகியவற்றை உண்டாக்குபவை வைரசுகள். வைரசை இம்மருந்து தொடுவதேயில்லை. சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ வந்தால் நுண்ணுயிர்க்கொல்லி வேண்டும் என்பதும் தவறான எண்ணமே. தொண்டை நோ ஒரு வாரத்திலும், தடிமன் இரண்டு வாரங்களுக்குள்ளும், இருமல் மூன்று நான்கு வாரங்களிலும் பொதுவாகத் தாமே நீங்கும். ஐந்தாம் நாள் குளிசை போட்டு ஏழாம் நாள் சுகம் கண்டவர், குளிசையே குணமாக்கியது என்று நம்புகிறார். மல்லித் தண்ணீர் குடித்து ஓய்வெடுத்திருந்தாலும் அதே ஏழாம் நாளில் சுகம் வந்திருக்கும்.

மேலும், ஒருவருக்கு ஏற்ற குளிசை இன்னொருவருக்கு நஞ்சாகலாம். பெனிசிலின் ஒவ்வாதவருக்கு அமொக்சிசிலின் கொடுத்தால் மூச்சு அடைத்து உயிருக்கே ஆபத்து நேரலாம். இரத்தம் உறையாதிருக்க வார்பரின் எடுக்கும் முதியவருக்கு மெற்றோனிடசோல் இரத்தப்பெருக்கை உண்டாக்கலாம். ரெற்றாசைக்கிளின் வளரும் பிள்ளையின் பற்களில் மாறாத கறையை ஏற்படுத்தும். சிப்ரோபுளொக்சசின் தசைநாண்களையும் நரம்புகளையும் பாதிக்கக் கூடும். ஆதலால் வேறு வழக்கமான நுண்ணுயிர்க்கொல்லிகள் பொருந்தாதபோது மட்டுமே அதனைக் கொடுக்க வேண்டுமெனப் பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2024 ஜனவரியில் பணித்தது. இன்னொன்றும் உண்டு: சயரோகத்தால் வரும் இருமலுக்கு இவ்வகைக் குளிசையை விழுங்கினால் நோய் சற்று அடங்கியதுபோல் தோன்றி, உண்மை தெரிவது பிந்திப்போகும். அதற்குள் வீட்டிலுள்ளோருக்கும் அது தொற்றிவிடலாம்.

எத்தனை நாள் எடுப்பது?

சுகம் வந்தவுடன் நிறுத்தி, மிச்சத்தை அடுத்த முறைக்கு எடுத்து வைப்பது பல வீடுகளில் வழக்கம். இன்று சாதாரண நிமோனியாவுக்கு ஐந்து நாட்களும், பெண்களுக்கு வரும் எளிய சிறுநீர்த் தொற்றுக்கு மூன்று நாட்களுமே பெரும்பாலும் போதுமென வைத்தியர்கள் கருதுகின்றனர். சயரோகத்துக்கோ வழக்கமாக ஆறு மாதங்கள் தேவை. நோய்க்கு நோய் கணக்கு வேறு. அந்தக் கணக்கை வகுப்பது வைத்தியரின் பொறுப்பு. அவர் சொன்ன நாட்களைக் குறைப்பதும் கூடாது, கூட்டுவதும் கூடாது. இடையில் உடம்புக்கு ஒவ்வாவிட்டால் அவரிடமே கேட்டு நிறுத்த வேண்டும்.

கேணித் தண்ணீர்

கோயிற் கேணி ஊருக்குப் பொது. ஒருவர் அழுக்குத் துணியை அலசிவிட்டுப் போனால், அடுத்து வருபவர் அந்த நீரிலேதான் கால் நனைக்க வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லியும் அத்தகையதே. இரத்த அழுத்தக் குளிசையைத் தவறாக எடுத்தால் எடுத்தவருக்கே கேடு. நுண்ணுயிர்க்கொல்லியைத் தவறாக எடுத்தாலோ, பழகிய கிருமி பேரப்பிள்ளைக்கும், புற்றுநோய் வைத்தியம் பெறும் அயலவருக்கும், பிரசவத்துக்குப் போகும் பெண்ணுக்கும் செல்லலாம். சத்திரசிகிச்சையும் புற்றுநோய் வைத்தியமும் இம்மருந்துகள் வேலை செய்யும் என்ற நம்பிக்கையிலேயே நடைபெறுகின்றன.

ஊரிலும் இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. இந்தியாவில் 2014 முதல் முக்கியமான பல நுண்ணுயிர்க்கொல்லிகளின் விற்பனையைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். அட்டையில் காணப்படும் செங்குத்தான சிவப்புக் கோடு, வைத்தியரின் சீட்டின்றி உட்கொள்ளலாகாது என்பதற்கு அடையாளம். கடைக்காரர் கேளாமல் கொடுத்தாலும் அந்தக் கோட்டை மதிப்பது வாங்குபவர் கடமையாகும்.

செய்யத்தக்கவை

வீட்டு அலுமாரியில் மிஞ்சிய நுண்ணுயிர்க்கொல்லிகளை அருகிலுள்ள பார்மசியில் ஒப்படைக்கலாம். அவர்கள் முறைப்படி அழிப்பர். குப்பைத் தொட்டியிலோ கழிவறையிலோ போடுதல் ஆகாது. ஏற்கெனவே ஏதேனும் குளிசை எடுத்திருந்தால் அதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைத்தால் பரிசோதனையில் கிருமி தெரியாமற் போகலாம். இங்கிலாந்தில் 2024 ஜனவரி முதல் தொண்டை நோ, காதுக் குத்து, பெண்களின் எளிய சிறுநீர்த் தொற்று உட்பட ஏழு நோய்களுக்குப் பார்மசியிலேயே ஆலோசனை பெறலாம். தேவைப்பட்டால் மருந்தும் தருவர். ஜீ.பி.யின் நேரத்துக்குக் காத்திருப்போருக்கு இது பெரும் ஆறுதல்.

ஆனால் பொறுத்திருக்கக் கூடாத வேளைகளும் உண்டு. மூச்சுத் திணறல், நெஞ்சு நோ, சளியில் இரத்தம், நினைவு தடுமாறல், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 பாகைக் காய்ச்சல் ஆகியவை கண்டால் உடனே வைத்திய உதவியை நாட வேண்டும். வழி தெரியாவிட்டால் 111 இலக்கத்தை அழைக்கலாம். உயிருக்கு ஆபத்தெனத் தோன்றினால் 999.

மருத்துவம் நான்கு பகுதிகளை உடையது என்பது வள்ளுவர் காட்டிய கணக்கு: நோயாளி, வைத்தியர், மருந்து, அதனைப் பக்கத்திலிருந்து கொடுப்பவர். கோயில் வாசலில் குளிசை கைமாறும்போது நோயாளி இருக்கிறார், மருந்து இருக்கிறது, கொடுக்கும் அன்பரும் இருக்கிறார். வைத்தியர் மட்டும் இல்லை. இருமுகின்ற அக்காவுக்கு உதவ விரும்புபவர் அவரைத் தமது காரில் ஏற்றி வைத்தியரிடம் அழைத்துச் செல்லட்டும். ஆங்கிலம் தடுமாறினால் கூட இருந்து மொழிபெயர்க்கட்டும். குளிசையைக் காட்டிலும் அதுவே பேருதவி.