மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப்போக்கு: இரண்டு திசையில் ஒரே எண்

அத்தைக்கு 58 வயது. மாதவிலக்கு நின்று ஆறு வருஷம். தீபாவளிக்கு வந்தவர் என் மனைவியிடம் மட்டும் மெதுவாகச் சொல்லியிருக்கிறார். "திரும்பவும் லேசா பட்டுச்சு. உடம்பு சூடு போல. வெந்தயம் சாப்பிட்டேன், நின்னுடுச்சு."

வழக்கம்போல நான் எண்களைத் தேட உட்கார்ந்தேன். தொடர்ந்து 12 மாதம் மாதவிலக்கு வராவிட்டால் அது நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்குப் பிறகு ஒரு சொட்டு பட்டாலும் காரணம் பார்த்தே ஆக வேண்டும்.

2018-ல் 129 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. இப்படி ரத்தம் பட்ட 100 பெண்களில் கர்ப்பப்பை உட்சவ்வுப் புற்றுநோய் இருந்தது சுமார் 9 பேருக்கு. மீதி 91 பேருக்கு வேறு காரணம். பெரும்பாலும் ஹார்மோன் குறைந்து சவ்வு மெலிந்து வறண்டு போயிருக்கும், இல்லையென்றால் பாலிப் என்கிற சின்ன சதை வளர்ச்சி. சரி, பயப்பட ஒன்றுமில்லை என்று மூடிவைக்கலாமா? அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். அந்தப் புற்றுநோய் வந்த 100 பேரில் சுமார் 91 பேருக்கு இந்த ரத்தப்போக்கு இருந்திருக்கிறது.

பத்தில் ஒன்பது முறை சும்மா அடிக்கிற அலாரம்தான். ஆனால் சர்வர் நிஜமாகவே விழும் பத்து தடவையில் ஒன்பது தடவை அடித்துவிடுகிறது. எங்கள் வேலையில் இப்படி ஒன்று கிடைத்தால் கும்பிட்டு வைத்துக்கொள்வோம். யாரும் ஆஃப் பண்ண மாட்டார்கள்.

ஏன் வருகிறது? ஈஸ்ட்ரோஜன் சவ்வை வளர்க்கும், புரோஜெஸ்ட்ரோன் அந்த வளர்ச்சிக்குப் பிரேக் போடும். சினைப்பை ஓய்ந்ததும் இரண்டுமே குறைந்துவிடும். ஆனால் உடம்பின் கொழுப்புத் திசு, அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். பிரேக் இல்லாத ஆக்ஸிலரேட்டர் மாதிரி. உடல் பருமன் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுவதற்கு இது முக்கிய காரணம். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்ஸிஃபென் மாத்திரையும் கர்ப்பப்பைச் சவ்வை வளர்க்கக்கூடியது.

பரிசோதனை அப்படியொன்றும் பெரிசில்லை. டாக்டர் கர்ப்பப்பை வாயை நேரில் பார்ப்பார். அங்கே வரும் புற்றுநோயிலும் ரத்தம் படும், அது வேறு நோய். பிறகு பெண்ணுறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன். சவ்வு 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே. அதற்கு மேல் இருந்தாலோ, ரத்தம் மறுபடி பட்டாலோ கொஞ்சம் சவ்வை எடுத்து பயாப்ஸி. "போன வருஷம்தான் பாப் டெஸ்ட் நார்மல்னு வந்துச்சே" என்று இருந்துவிடக் கூடாது. அது கர்ப்பப்பை வாய்க்கான டெஸ்ட், உட்சவ்வில் இருப்பது அதில் தப்பிவிடலாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பலருக்கு ஆபரேஷனோடு வைத்தியம் முடிந்துவிடும்.

"நின்னுடுச்சு" என்ற சொல்தான் என்னை உறுத்தியது. ரத்தம் நின்றால் காரணமும் போய்விட்டது என்று அர்த்தமில்லையே. அத்தையிடம் நானே பேசினேன். "நீ ஏண்டா இதெல்லாம் பேசுற" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று வாரம் கழித்து என் மனைவியோடு போனார். ஸ்கேனில் சவ்வு 9 மில்லிமீட்டர். பயாப்ஸி ரிசல்ட் வரும்வரை வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. பாலிப்தான். எடுத்துவிட்டார்கள். வெந்தயத்தை மட்டும் அத்தை இன்னும் விடவில்லை.