செவியால் கற்கும் எழுத்து

எழுத்தைக் கண்ணால் கற்பது உலக வழக்கு. செவியால் கற்றாலன்றிக் கைவராத எழுத்தும் ஒன்று உண்டு. அதுவே மோர்ஸ் குறியீடு. 1844ஆம் ஆண்டு மே 24ஆம் நாள், அமெரிக்க நாட்டில் வாஷிங்டனிலிருந்து பால்டிமோர் நகருக்குச் சாமுவேல் மோர்ஸ் தந்தி விடுத்தார். அன்றுமுதல் இக்குறியீடு உலகெங்கும் பரவலாயிற்று. நம் நாட்டில் தந்திச் சேவை 2013ஆம் ஆண்டு சூலைத் திங்களில் முடிவுற்றது. ஆயினும், ஊதியம் கருதாது ஆர்வத்தால் வானொலிச் செய்தி பரிமாறும் 'ஹாம்' வானொலியருள் பலர் இதனை இன்றும் விரும்பிப் பயில்கின்றனர்.

இக்குறியீட்டில் உள்ளவை குற்றொலி, நெட்டொலி என்னும் இரண்டே. தமிழில் நெடில், குறிலினும் இருமடங்கு ஒலிக்கும். இங்கு நெட்டொலி மும்மடங்கு ஒலிக்கும். ஓர் எழுத்தின் ஒலிகளுக்கிடையே ஓரளவும், எழுத்துகளுக்கிடையே மூன்றளவும், சொற்களுக்கிடையே ஏழளவும் இடைவெளி வேண்டும். ஆதலின் ஒலியேயன்றி மௌனமும் பொருள் தரும். ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் 'ஈ' என்னும் எழுத்துக்கு ஒரே குற்றொலி. அருகி வரும் 'க்யூ'வுக்கோ நான்கு ஒலிகள்.

புதிதாகப் பயில்வோர் பலர், புள்ளியும் கோடுமாக வரைந்த அட்டவணையை மனப்பாடம் செய்வர். அவர்கள் ஒலியை எண்ணி, அட்டவணையை நினைந்து, எழுத்தைத் தெளிவதற்குள் அடுத்த எழுத்துகள் கடந்துவிடும். நல்லாசிரியர் முதலில் இரண்டே எழுத்துகளை உரிய விரைவில் ஒலித்துக் காட்டுவார். எழுத்துகளின் இடைவெளியை மட்டும் நீட்டுவார். அவை நன்கு பழகியபின் மூன்றாம் எழுத்தைச் சேர்ப்பார். மயிலம் போன்ற ஊர்களின் தமிழ்க் கல்லூரிகளில் யாப்புப் பயிலும் மாணவர், வெண்பாவின் ஓசையைச் செவியில் வாங்கியே தளை பிறழ்ந்த இடத்தை உணர்வர். அதுபோன்றதே இப்பயிற்சியும். நாள்தோறும் சிறிது நேரம் பயின்றால், எண்ணாமலே எழுத்து மனத்தில் தோன்றும்.

இவ்வுழைப்பால் வரும் பயன் யாது? 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, அந்தமான் தீவுகளில் தொலைபேசித் தொடர்புகள் பெரிதும் சீர்குலைந்தன. அப்போது போர்ட் பிளேரில் தங்கியிருந்த பாரதி பிரசாத் என்னும் வானொலி அம்மையாரும் உடனிருந்தோரும், தீவில் சிக்கியோரின் நலச்செய்திகளை வானொலி வழியே அனுப்பி, கலங்கியிருந்த உறவினர்க்கு ஆறுதல் அளித்தனர். இத்தகைய இடுக்கண் வேளையில் பேச்சொலி இரைச்சலில் அமிழ்ந்து போதலும் உண்டு. அங்கும் மோர்ஸின் ஒற்றை ஒலி தெளிவாகப் புலப்படும். அதனை விடுக்கச் சிறிய கருவியும் மின்கலமும் போதும். ஆனால், கேட்டறியும் செவியை இடர் வந்தபின் பயிற்ற இயலாது. அமைதிக் காலத்தில் பயின்ற கல்வியே அல்லற் காலத்தில் துணை நிற்கும்.