பாழடைந்த வளவுகள்: துப்புரவுச் செலவு யாருடையது?



வவுனியாவிலிருந்து மன்னார் வீதியால் நெளுக்குளம் பக்கம் வந்தவர்கள் இப்படியான வளவுகளைக் கண்டிருப்பீர்கள். மதில் இருக்கும், கேற் இருக்காது. சுவர் இருக்கும், கூரை இருக்காது. உள்ளே ஆளுயரப் பற்றை. கிணற்றுக்குக் கட்டும் இராது. பக்கத்து வீட்டுத் தாய்மாருக்குப் பாம்புப் பயம் ஒரு புறம், நுளம்பு ஒரு புறம். 2017இல் மட்டும் நம் நாட்டில் சுமார் 1 இலட்சத்து 86 ஆயிரம் டெங்கு நோயாளர்கள் பதிவானதை மறக்க முடியுமா?

“பிரதேச சபை பெக்கோவை விட்டுத் தள்ளினால் என்ன?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் செலவு யாருடையது, காணி யாருடையது என்ற இரண்டு கேள்விகள் அதற்குள் ஒளிந்திருக்கின்றன.

2007இன் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம், வளவைத் துப்புரவாக வைக்கும் பொறுப்பைச் சொந்தக்காரர் அல்லது குடியிருப்பவர் மீதே சுமத்துகிறது. சொந்தக்காரர் கனடாவில் இருந்தால்? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்தில் பேரப்பிள்ளை கண்டுவிட்டவராக இருந்தால்?

அமெரிக்காவின் டெட்ராயிட் நகரம் 2013இல் வங்குரோத்தானது. பாழ்வீடுகளை இடிக்கவும், திருத்தக்கூடியவற்றைக் காக்கவும் 25 கோடி டொலர் கடன் திரட்ட 2020இல் அந்நகர வாக்காளர்கள் சம்மதித்தார்கள். அங்கே ஆலைகள் மூடப்பட்டு, வரி கட்ட வழியற்றுப் போட்டுவிட்டுப் போன வீடுகள் ஏராளம். இங்கே அப்படியல்ல. உயிருக்குப் பயந்து திறப்பை மடியில் கட்டிக்கொண்டு போனவர்களின் வீடுகள் இவை.

யுத்தத்தின் பின் மீளக் குடியேறியவர்களுக்கு ஐ.நா. அகதிகள் நிறுவனம் 25,000 ரூபா கொடுத்தது. பற்றை வெட்டும் ஆள்கூலி தெரிந்தவர்களுக்கு அது எத்தனை நாளைக்குக் காணும் என்று சொல்லத் தேவையில்லை. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா கட்டம் கட்டமாகக் கிடைத்தது. அதுவும் வந்து குடியேறியவருக்குத்தான். வராதவரின் வளவு பற்றையாகவே கிடந்தது.

தரிசு நிலத்தை உயிர்ப்பித்தவருக்கே அது சொந்தம் என்ற ஹதீஸைச் சிலர் இங்கே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அரபுக் கல்லூரியில் ‘மவாத்’ பாடத்தை ஓதியபோது, இது பாலைவனத்துச் சட்டம், நமக்கு எதற்கு என்று நானும் நினைத்ததுண்டு! நமது ஷாபிஈ மத்ஹபில், உரிமையாளர் அறியப்பட்ட காணி எத்தனை வருடம் பாழாய்க் கிடந்தாலும் மவாத் ஆகாது. பற்றையை வெட்டியவருக்குக் காணி இல்லை.

நாட்டின் சட்டமும் ஓரளவு இதை உணர்ந்தது. பத்து வருட ஆட்சியால் உரிமை கோரும் வழக்கத்துக்கு எதிராக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காதிருக்க 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் இடம் தந்தது. ஆனால் வழக்கிட இரண்டே வருட அவகாசம்! சங்கதி காதில் விழுமுன் எத்தனை பேருக்கு அது முடிந்துபோனதோ!

எனவே, பொதுப்பணத்தில் துப்புரவு செய்யட்டும் என்பதே என் கருத்து. ஆனால் பெக்கோ இறங்குமுன் கிராம அலுவலர் முன்னிலையில் எல்லைக்கல்லையும் கிணற்றையும் அத்திவாரத்தையும் படம் பிடித்துப் பதிய வேண்டும். செலவைச் சொந்தக்காரர் பெயரில் எழுதி வைக்கலாம், வந்தால் தவணையில் கட்டுவார். அத்திவாரத்தைக் கிளறி எடுத்துவிட்டால், நாளை அவர் பிள்ளை வந்து “எங்கள் வீடு எங்கே இருந்தது?” என்று கேட்கும்போது கை நீட்டிக் காட்ட ஒன்றும் இராது.