பாமாயில் ஆலைக் கழிவை உண்ணும் கிருமிகள்!

ரேஷன் கடையில் பாமாயில் வாங்கிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. இந்தியாவுக்கு வரும் பாமாயிலில் பெரும் பகுதி இந்தோனேசியா, மலேசியா நாடுகளின் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் விளைவது. மலேசியத் தோட்டங்களில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்திருக்கிறார்கள்.

1 டன் எண்ணெய் எடுத்தால் சுமார் 2½ டன் கழிவுநீர் வெளியேறும். கொதிக்கக் கொதிக்க வரும் பழுப்பு நிறக் குழம்பு அது. விஷம் எதுவும் கலக்காதது. ஆனாலும் அது ஆற்றில் விழுந்தால் மீன்கள் செத்து மிதக்கும். ஏன்?

மூச்சு முட்டும் ஆறு

கழிவைத் தின்னும் கிருமிகள் ஆற்று நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை இழுத்துக்கொள்கின்றன. 1 லிட்டர் கழிவுக்கு அவை கேட்பது சுமார் 25,000 மில்லிகிராம். 1 லிட்டர் நல்ல ஆற்று நீரில் இருப்பதோ சுமார் 8 மில்லிகிராம்தான்! அதாவது, 1 லிட்டர் கழிவு 3,000 லிட்டர் ஆற்று நீரின் மூச்சை நிறுத்திவிடும்.

குளத்தில் நடக்கும் வேலை

அந்த வேலையை ஆற்றில் செய்யாமல் குளத்தில் செய்யவைத்தால் என்ன? அதுதான் தீர்வாயிற்று. கழிவை ஆறவைத்து, மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்து, ஆழமான குளத்தில் விடுகிறார்கள். அங்கே காற்று புகாது. ஒருவகைக் கிருமிகள் கழிவைப் புளிக்கவைக்கின்றன. மற்றொருவகை அந்தப் புளிப்பைத் தின்று மீத்தேன் வாயுவாக்குகின்றன. நம் ஊர் சாண எரிவாயுக் கலத்தில் நடப்பதும் இதேதான். பிறகு ஆழம் குறைந்த குளத்தில், காற்றைச் சுவாசிக்கும் கிருமிகள் மிச்சத்தை முடிக்கின்றன.

இதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். அவசரப்பட்டுப் புதுக் கழிவை அளவுக்கு மீறிக் கொட்டினால் குளம் புளித்துப்போகும். மீத்தேன் கிருமிகள் வேலைநிறுத்தம் செய்துவிடும்!

சட்டம் பிறந்தது

ஆலைகள் தாமாகக் குளம் வெட்டட்டும் என்று மலேசிய அரசு காத்திருக்கவில்லை. 1977-ல் விதிகள் வந்தன. ஆற்றில் விடும் கழிவு கேட்கும் பிராணவாயு, லிட்டருக்கு 5,000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று 1978-ல் வரம்பு கட்டினார்கள். அதைப் படிப்படியாகக் குறைத்து, 1984-ல் 100 ஆக்கினார்கள்.

ஒரு குறை நின்றது. திறந்த குளத்திலிருந்து எழும் மீத்தேன் பூமியைச் சூடாக்குகிறது. குளத்தை மூடி அதைப் பிடித்தால் மின்சாரம் எடுக்கலாம். 2014 முதல் புதிய ஆலைகளுக்கு இதுவும் கட்டாயம்.

ஆற்றைக் கொல்லும் கிருமியே ஆற்றைக் காக்கவும் செய்கிறது. அதற்கு வேண்டியது ஒரு குளமும் கொஞ்சம் அவகாசமும்தான். அதைக் கொடுப்பதும் மறுப்பதும் மனிதன் கையில் இருக்கிறது.