சம்பளப் பட்டியலில் ஒரு கால்பந்து அணி

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வணிகம் செய்யும் தமிழர்களுக்குத் திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது கணக்கும் கடனும்தான். ஆனால், அவ்வூரின் விளையாட்டு அன்பர்களுக்கு அது ஒரு கால்பந்து அணியின் பெயரும் ஆகும். 1945இல் தொடங்கி, 2017 ஏப்ரல் 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைந்துவிட்ட அவ்வங்கி, 2004-05 பருவத்தில் தேசியக் கால்பந்து லீகின் முதல் பிரிவில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், டெம்போ ஆகிய பெருங்கழகங்களை எதிர்த்து ஆடியது.

அவ்வணியில் ஆடியவர்கள் வங்கியின் ஊழியர்கள். விளையாட்டுத் திறனுக்காகப் பணி பெற்றவர்கள். கால் ஓய்ந்த பின்னரும் கிளையில் அமர்ந்து, பதவி உயர்வும் ஓய்வுக்காலப் பயன்களும் பெறக்கூடியவர்கள். சென்னையில் இந்தியன் வங்கியும் இவ்வாறே ஓர் அணியை நடத்தியது. 1992இல் கோயம்புத்தூரில் கேரளத்துக்குச் சந்தோஷ் கோப்பையை வென்று தந்த தலைவர் வி. பி. சத்தியன், கேரளக் காவல்துறையில் ஆடியவர். பின்னர் இந்தியன் வங்கிக்கு வந்தார். சந்தோஷ் கோப்பை வீரர்கள் பலரை அளித்த பொழியூர் போன்ற மீனவ ஊர்களில், பந்து என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. மாதச் சம்பளத்துக்கான வழியும் அதுவே.

அவ்வழி மெல்லக் குறுகியது. 2007இல் ஐ-லீக் வந்தது. 2010இல் மஹிந்திரா யுனைடெட்டும், 2011இல் ஜே.சி.டி.யும் கலைந்தன, 2014இல் இந்தியன் சூப்பர் லீக் பிறந்தது. முன்னணி வீரர்களுக்கு இன்று கிடைக்கும் ஊதியத்தைப் பழைய வங்கி அணியினர் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். ஆயினும் ஒப்பந்தம் பருவத்தோடு முடிந்துவிடும். இருபத்தைந்து வயதில் முழங்கால் முறிந்தவருக்கு அடுத்த மாத வாடகை எங்கிருந்து வரும் என்னும் வினாவுக்குப் புதிய லீகுகள் இன்னும் விடை கூறவில்லை என்றே தோன்றுகிறது.

மகளிர் நிலை இதனினும் கடினம். 2016-17இல் தொடங்கிய இந்திய மகளிர் லீகில் மதுரையின் சேது அணி 2018-19இலும், கோகுலம் கேரளா அதன்பின் மூன்று முறையும் வாகை சூடின. பெருமைதான், ஆனால் தொடக்க ஆண்டுகளில் அப்போட்டியின் இறுதிக் கட்டம் ஒரே ஊரில் சில வாரங்களில் முடிந்துவிடும். சொந்த ஊரிலும் எதிரணியின் ஊரிலும் மாறி மாறி ஆடும் முறை 2023-24இல்தான் வந்தது. சில வார ஆட்டத்தை நம்பி ஒரு பெண் எவ்வாறு ஓர் ஆண்டு வாழ்வது?

இதே வினாவைப் போர்ச்சுகல் சற்று முன்னரே சந்தித்தது. அங்கே ஆடவர் லீக் 1934-35 முதல் நடக்கிறது. இத்தனை காலத்தில் பட்டம் பெற்றவை ஐந்தே கழகங்கள். மகளிர் லீகிலோ, சிந்திரா வட்டாரத்தின் '1º டிசம்பர்' என்னும் சிறு கழகம் 2012 வரை தொடர்ந்து பதினொரு முறை வென்றது. பெருங்கழகங்கள் அப்பக்கம் திரும்பவில்லை. 2016-17 பருவத்துக்குக் கால்பந்துக் கூட்டமைப்பு ஆடவர் கழகங்களை நேரடியாக மகளிர் லீகுக்கு அழைத்தது. ஸ்போர்ட்டிங்கும் பிராகாவும் வந்தன, பென்ஃபிகா பின்தொடர்ந்தது. லீகின் பெயரில் பி.பி.ஐ. வங்கி சேர்ந்தது. ஆடவர் லீக் 2023 முதல் ஒரு பந்தய நிறுவனத்தின் பெயரைச் சூடியிருப்பதோடு ஒப்பிட்டால், வங்கித் துறையினர் சற்றே மகிழலாம். அவ்வாண்டே முதன்முறையாக உலகக் கோப்பைக்குச் சென்ற போர்ச்சுகல் மகளிர், நடப்பு வாகையரான அமெரிக்காவை 0-0 என நிறுத்தினர். கடைசி நிமிடங்களில் அவர்கள் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது.

ஆனால், லீகின் பெயரில் வங்கி இருப்பது வேறு. வங்கியின் ஊழியர் பட்டியலில் வீராங்கனை இருப்பது வேறு. முன்னது ஆட்டத்தை வளர்க்கிறது, பின்னது ஆடியவரைக் காக்கிறது. நம் நாட்டு மகளிருக்கு இப்போதைக்கு இரண்டும் தேவை. கடலூரிலிருந்து வந்து இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். கொரோனா ஊரடங்கில் ஆட்டங்கள் நின்றபோது அவர் சென்னைத் தெருக்களில் பணியில் இருந்தார், சம்பளமும் நிற்கவில்லை.