டிக்கோயாக் கோப்பையில் பெப்ரவரி

இலங்கை மலைநாட்டின் டிக்கோயாவில் ஒரே மலையில், ஒரே செடியில் பறித்து, ஒரே ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) உருட்டி உலர்த்திய தேயிலைக்குக் கொழும்பிலுள்ள தேயிலைச் சுவைஞர்கள் ஜூன் மாதம் ஒரு தீர்ப்பும் பெப்ரவரியில் வேறொரு தீர்ப்பும் எழுதுகிறார்கள். மழைக்காலத்துத் தேயிலைக்கு ‘பிளேன்’ என்று ஒரு சொல்லோடு முடித்துக்கொள்வார்கள். பெப்ரவரித் தேயிலைக்கு ‘பிரைட்’, ‘பிரிஸ்க்’, ‘ஃபிளேவரி’ என்று சொற்கள் கூடும், விலையும் பெரும்பாலும் கூடும். நட்சத்திர ஹோட்டல்களில் கிளாஸ் கணக்கில் விற்கும் வைனுக்குப் பக்கத்தில் ‘செர்ரி வாசம், ஈரமண் சாயல், நீண்ட முடிவு’ என்று அச்சடித்திருக்கும் வர்ணனையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள், தேயிலைச் சுவைஞரின் சொற்களையும் அதே பெட்டியில் போட்டுவிடுவார்கள். அது அவசரத் தீர்ப்பு. தேயிலைச் சொற்களில் முக்கியமானவற்றுக்குப் பின்னால், ஆய்வுகூடத்தில் நிறுத்துப் பார்க்கக்கூடிய பொருள் ஏதோ ஒன்று இருக்கிறது. டிக்கோயாவைப் பொறுத்தவரை அந்தப் பொருள் எப்படி உண்டாகிறது என்பதையும் ஓரளவு சொல்லிவிடலாம்.

முதலில் சுவைக்கும் முறை. தேத்தண்ணீர் ஊற்றுவதற்கென்றே ஒரு சர்வதேசத் தரநிர்ணயம் இருக்கிறது: ஐ.எஸ்.ஓ. 3103, முதலில் வெளியானது 1980இல். 100 மில்லிலீட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிடம், மூடியுள்ள வெள்ளைப் பீங்கான் பாத்திரம். இதற்கு மூலமான பிரித்தானியத் தரநிர்ணயத்துக்கு 1999இல் இலக்கியத்துக்கான ‘இக் நோபல்’ கேலிப் பரிசு கொடுத்துச் சிரித்தார்கள். சிரிக்கலாம்தான். ஆனால் அந்த ஆவணம் நல்ல தேத்தண்ணீர் போடச் சொல்லித்தரவில்லை. இரண்டு கோப்பைகளுக்கிடையே வித்தியாசம் தெரிந்தால் அது தேயிலையிலிருந்துதான் வந்தது, தண்ணீரிலிருந்தோ நேரத்திலிருந்தோ வரவில்லை என்று உறுதிப்படுத்துவதுதான் அதன் வேலை. சுவைஞர் கரண்டியிலிருந்து பெருஞ்சத்தத்தோடு உறிஞ்சுவதும் கெட்ட பழக்கமல்ல. திரவம் நுண்துளிகளாகச் சிதறும்போது அதிலிருந்து எழும் மணம் தொண்டையின் பின்வழியாக மூக்கை எட்டுகிறது. நாக்குக்குத் துவர்ப்பும் கசப்பும் தெரியும். மணத்தை மூக்குத்தான் அறியும். உறிஞ்சியதைத் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவார்கள், காலைப்பொழுதுக்குள் நூற்றுக்கணக்கில்.

‘பிரிஸ்க்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். வாயை உலுக்கி விழிக்கச் செய்யும், ஆனால் கசக்காத துவர்ப்பு அது. கொழுந்தை உருட்டும்போது செல்கள் உடைந்து, அதிலுள்ள கட்டெக்கின்கள் நொதியத்தோடும் காற்றிலுள்ள ஒட்சிசனோடும் சேர்ந்து இரு வகைப் பொருள்களாகின்றன. பொன்னிறத் தேயாஃபிளேவின் ஒன்று, செம்பழுப்புத் தேயாருபிகின் மற்றொன்று. இவற்றைப் பிரித்தறியும் வழியை ஈ. ஏ. எச். ரொபர்ட்ஸ் என்ற இரசாயனவியலாளர் 1950களில் திறந்துவைத்தார். வீட்டில் ‘நல்ல சாயம்’ என்று நாம் பாராட்டுவது பெரும்பாலும் தேயாருபிகின். ‘பிரைட்’ என்று சுவைஞர் எழுதும் பளிச்சென்ற நிறமும், ‘பிரிஸ்க்’ என்ற துடிப்பும் தேயாஃபிளேவினோடு தொடர்புடையவை. துடிப்புக்குக் கஃபீனும் துணை. கோப்பை ஆறும்போது மேலே பாலாடைபோலக் கலங்குமே, அது இவ்விரண்டும் கைகோத்து வீழ்படிவாவதுதான். சுவைஞர்கள் அந்தக் கலங்கலைக் குறையாக எண்ணுவதில்லை. 1972இல் ஹில்டன், எல்லிஸ் என்ற இருவர் மத்திய ஆபிரிக்கத் தேயிலைகளின் தேயாஃபிளேவினை அளந்து, லண்டன் தரகர்கள் நாக்கால் போட்ட விலைமதிப்போடு ஒப்பிட்டார்கள். இரண்டும் நெருங்கிப் போயின. இரசாயனம் தெரியாத நாக்கு, இரசாயனவியலாளர் அளந்ததையே அளந்திருக்கிறது.

விஷயம் அத்தோடு முடிந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். தோமஸ் ஹோஃப்மனின் ஜெர்மன் ஆய்வுக்குழு 2004இல் டார்ஜீலிங் தேத்தண்ணீரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மனித நாக்கில் சோதித்தபோது, துவர்ப்பின் பெரும்பங்கு தேயாஃபிளேவினிலிருந்து வரவில்லை என்று கண்டது. மிகமிக ஐதான கரைசலிலும் வாயை மென்பட்டாகப் போர்த்தும் ருட்டின் முதலான பிளவொனோல் கிளைக்கோசைட்டுகள்தான் முன்னுக்கு வந்தன. அதற்காக ஆபிரிக்க அளவீடு பொய்யாகிவிடாது. நன்றாக ஒட்சியேற்றப்பட்ட தேயிலையின் அடையாளமாகத் தேயாஃபிளேவின் நிற்கலாம். துவர்ப்புக்கு ஒரே காரணமாக நிற்கவேண்டிய அவசியமில்லை. இன்னொன்றையும் சொல்லவேண்டும். மத்திய ஆபிரிக்கத் தேயிலை பெரிதும் நிறத்துக்கும் திடத்துக்கும் வாங்கப்படுவது. மணத்துக்காக வாங்கப்படும் மலைநாட்டுத் தேயிலையைத் தேயாஃபிளேவினை மட்டும் வைத்து மதிப்பிட முடியாது.

டிக்கோயாவின் கதை மணத்தில்தான் இருக்கிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றிய இந்தத் தோட்டங்கள் ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில், மத்திய மலைத்தொடரின் மேற்குச் சரிவில் கிடக்கின்றன. தேயிலை வணிகத்தில் இவை திம்புள்ள பிரதேசத்தைச் சேர்ந்தவை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மழையைக் கொட்டும். கொழுந்து மளமளவென்று நீளும். ஜனவரி முதல் மார்ச் வரை நிலைமை தலைகீழ். வடகீழ் பருவக்காற்று தன் ஈரத்தை மலைத்தொடரின் கிழக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் வறண்ட காற்றாக வந்து இறங்குகிறது. பகலில் சுள்ளென்ற வெயில், இரவில் கடுங்குளிர். செடி வளர்ச்சியை அடக்கிக்கொள்கிறது. மெதுவாக வளரும் துளிரில் லினலூல், ஜெரனியோல் போன்ற மணப்பொருள்கள் செறிகின்றன. இவை இலைக்குள் சர்க்கரை மூலக்கூறோடு பிணைந்து வாசமின்றி உறங்கும். வாட்டும்போதும் உருட்டும்போதும் நொதியங்கள் அந்தப் பிணைப்பை வெட்டிய பிறகுதான் மணம் வெளிப்படும். தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஆர். எல். விக்கிரமசிங்க, காலநிலை எப்படி இந்த மணத்தை ஆக்குகிறது என்பதற்கு 1974இல் ஒரு விளக்கத்தை ஆய்விதழில் வெளியிட்டார். மலைக்கு அந்தப் பக்கம் ஊவாவில் இதே நாடகம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை நடக்கிறது, காற்று மட்டும் எதிர்த்திசையில். அங்கே மெதைல் சலிசிலேற்று மேலோங்குவதால் ஊவாக் கோப்பையில் மூட்டுவலித் தைலத்தின் சாயல் எட்டிப்பார்க்கும். பருவத்து மணத்தைத் தவறவிடாமலிருக்க டீமேக்கரும் தன் வேலையை மாற்றிக்கொள்கிறார்: வாட்டத்தைக் கூட்டி, ஒட்சியேற்ற நேரத்தைக் குறைப்பார். சாயம் கொஞ்சம் குறையும், மணம் நிற்கும்.

சுவைஞரின் நாக்கை நம்பமுடியாது என்ற எதிர்வாதம் வலுவானது, தட்டிக்கழிக்கக்கூடாது. ரொபர்ட் ஹொட்சன் 2008இல் வெளியிட்ட ஆய்வில், கலிபோர்னிய வைன் போட்டி நடுவர்களுக்கு ஒரே போத்தலிலிருந்து மூன்று கிளாஸ்கள், மற்ற வைன்களுக்கிடையே கலந்து கொடுக்கப்பட்டன. மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பைக் கொடுத்தவர்கள் பத்தில் ஒருவர் அளவுதான். 2001இல் பிரான்ஸின் போர்தோ நகரில் 54 வைன் மாணவர்கள், சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை வைனுக்குச் சிவப்பு வைனின் சொற்களையே எழுதினார்கள். கண் மூக்கை ஏமாற்றும். தேயிலைச் சுவைஞருக்கும் அதே கண், அதே மூக்கு. ஆனால் வைன் நடுவர் ‘எது பிடிக்கிறது’ என்று ஒரே நாளில் பல ஊர், பல வகை வைன்களுக்குப் புள்ளி போடுகிறார். தேயிலைச் சுவைஞர் நேற்றுச் சுவைத்த தோட்டத்தை, நேற்றைய அதே நிறையில், அதே நிமிடத்தில் மறுபடி சுவைக்கிறார். அவர் மதிப்பு சரியா என்பதைத் தேயிலை ஏலத்தில் மற்றவர்களின் பணம் உடனுக்குடன் சொல்லிவிடுகிறது. தவறு திருத்தப்படும் இடத்தில்தான் புலன் கூர்மையாகும். நாக்கைச் சோதிக்கும் புகழ்பெற்ற வழியொன்றும் தேத்தண்ணீரில்தான் பிறந்தது. பாலை முதலில் ஊற்றினார்களா, தேத்தண்ணீரையா என்று தனக்குத் தெரியும் என்றார் மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண்மணி. புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் எட்டுக் கோப்பைகளை முன்பின்னாக அடுக்கினார். குருட்டாம்போக்கில் எல்லாம் சரியாக அமைய எழுபதில் ஒரு வாய்ப்பே உண்டு என்று 1935இல் வந்த தன் நூலில் அவர் கணக்குக் காட்டினார். பிரிஸ்டல் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னதாகப் பின்னாளில் கேள்வி. இந்த அளவுகோலைக் கொழும்பு முழுதாகக் கடைப்பிடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: மேசையில் தோட்டத்தின் பெயர் தெரிந்தே சுவைக்கிறார்கள். பேர்போன தோட்டத்துக்குச் சுவைக்கு முன்பே ஒரு மதிப்பு வந்துவிடும். பெயரை மறைத்துச் சுவைப்பது அவ்வளவு பெரிய காரியமல்ல.

பாலும் சீனியும் போட்டுக் குடிக்கப்போகிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி எளிதாகத் தீரும். பாலிலுள்ள கேசீன் துவர்ப்புப் பொருள்களைக் கட்டிப்போடுவது உண்மை. அதனால்தான் பெப்ரவரி டிக்கோயாவைப் பாலில் மூழ்கடிப்பது வீண். தாழ்நிலத் திடத் தேயிலை அதற்குப் போதும். கோப்பை எதற்கு என்பதைப் பொறுத்துத் தேயிலையைத் தேர்ந்துகொள்ள இந்தச் சொற்கள் வழிகாட்டுகின்றன.

இவ்வளவு நுட்பமாகச் சுவைக்கப்படும் பொருள், மலையில் வேறு விதமாக அளக்கப்படுகிறது. சுவைஞர் தேடுவது அரும்பும் இரண்டு இலையும் கொண்ட கொழுந்தில் இருக்கிறது. கட்டெக்கினும் கஃபீனும் அங்குதான் செறிவு. முற்றின இலை சேரச்சேரக் கொழுப்பமிலங்கள் உடைந்து பச்சைப் புல்வாசம் ஏறும், மணம் தாழும். ஆனால் கொழுந்து நிறுவையில் முற்றின இலையும் கிலோதான். பெப்ரவரியில் செடி வளர்ச்சியை அடக்குவதால் கூடையும் குறைகிறது. மணம் உச்சத்தில் நிற்கும் அதே வாரங்களில் நாளுக்குரிய கிலோ எட்டாமல் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழும் அபாயமும் கூடுகிறது. நிறை மட்டும் கணக்கானால், கை அறியாமலே இன்னொரு இலை கீழே இறங்கிப் பறிக்கும். அதில் பறிப்பவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. தரத்தை அளப்பது கடினம் என்று சொல்லவும் முடியாது. ஸ்டோருக்கு வந்த கொழுந்திலிருந்து ஒரு பிடி எடுத்து, நல்லது எவ்வளவு, முற்றியது எவ்வளவு என்று பிரித்து வீதம் போடுவது ஏற்கெனவே வழக்கத்தில் இருக்கிறது. அந்த வீதத்தைக் கூடைவாரியாக எடுத்து, ஜனவரி முதல் மார்ச் வரையாவது கிலோவோடு சேர்த்துச் சம்பளத்தில் கணக்கிட்டால், ஏலத்தில் ‘ஃபிளேவரி’ என்ற சொல்லுக்குக் கிடைக்கும் மேலதிக ரூபாயில் ஒரு பங்கு அதைப் பறித்த கைக்கும் போய்ச் சேரும்.